கேட்கத் தயங்காத அலுவலகம்: பணியிடத்தில் அறிவுப் பகிர்வு குறித்து

சென்னை பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களில் ஒருவர் ராஜினாமா கடிதம் கொடுத்ததும் மேனேஜர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "கே.டி. யாருக்குக் கொடுக்கப் போறீங்க?" என்பது. 'நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்' எனப்படும் அந்த அறிவு ஒப்படைப்புக்கென நோட்டீஸ் காலத்தின் கடைசி வாரங்களில் நேரம் ஒதுக்குவார்கள். நான்கைந்து ஆண்டுகள் ஒரு அமைப்பைக் கட்டி மேய்த்தவருக்குத் தெரிந்ததெல்லாம் சில திரைப்பகிர்வுக் கூட்டங்களாகவும், ஒரு எக்செல் தாளாகவும், பதிவுசெய்த சில காணொளிகளாகவும் சுருங்கும். அவர் போன அடுத்த மாதம், மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ஏதோ ஒரு நிரல் நள்ளிரவில் நின்றுபோகும். பொறுப்பேற்றவர் அந்தக் காணொளிகளைத் திறந்து பார்க்க மாட்டார். போனவரின் வாட்ஸ்அப் எண் யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பார்.

இது ஒரு கம்பெனியின் கதை இல்லை. 2022 மார்ச்சில் முடிந்த காலாண்டில் இன்ஃபோசிஸ் அறிவித்த, தாமாக விலகுவோர் விகிதம் 27.7 சதவீதம். நான்கில் ஒருவருக்கு மேல் ஓராண்டில் வெளியேறக்கூடிய ஒரு துறையில், தெரிந்தவரிடமிருந்து தெரியாதவருக்கு வேலை எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது பிழைப்பு சார்ந்த கேள்வி. மருத்துவமனை, தொழிற்சாலை, விமானம், அரசு அலுவலகம் எல்லாவற்றுக்கும் இதே கேள்வி உண்டு. கடந்த அரை நூற்றாண்டில் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். நிறையப் பணமும் செலவழித்திருக்கிறார்கள். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்தில் அடங்காத பங்கு

ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த அறிஞர் மைக்கேல் பொலானி 1966இல் வெளியிட்ட சிறு நூலில் இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கலை எடுத்துவைத்தார். ஆயிரம் முகங்களுக்கு நடுவே தெரிந்த முகத்தைச் சட்டென்று அடையாளம் காண்கிறோம். எதை வைத்துக் கண்டோம் என்று கேட்டால் விளக்கத் தெரியாது. மனிதரின் திறமையில் கணிசமான பங்கு இப்படிச் சொல்லில் அடங்காமல் கையிலும் கண்ணிலும் தங்கியிருக்கிறது என்றார் அவர்.

ஜப்பானின் இகுஜிரோ நோனாகா, ஹிரோதாகா தகேயுச்சி இருவரும் 1995இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு தொழிற்சாலை உதாரணம் தந்தார்கள். 1980களில் மட்சுஷிதா நிறுவனம் வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரம் ஒன்றை உருவாக்க முயன்றது. மாவு பிசைவது மட்டும் சரியாக வரவில்லை. ரொட்டியின் மேல்பகுதி கருகும், உள்ளே வேகாது. குழுவில் இருந்த மென்பொருள் உருவாக்குநரான ஒரு பெண், ஒசாகாவில் ரொட்டிக்குப் பெயர்போன ஓட்டலின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் போய்ப் பயிற்சி பெற்றார். அந்தக் கலைஞர் மாவை இழுப்பதோடு முறுக்கவும் செய்கிறார் என்பதைக் கூடவே நின்று செய்து பார்த்தபோதுதான் கண்டுபிடித்தார். அதைப் பொறியாளர்களுக்குப் புரியும்படி சொல்லி, இயந்திரத்தின் உட்புறத்தில் சில மாற்றங்கள் செய்த பிறகே ரொட்டி சரியாக வந்தது. அந்தக் கலைஞரை உட்காரவைத்துச் செய்முறை எழுதித் தரச் சொல்லியிருந்தால் முறுக்கல் அதில் இடம்பெற்றிருக்காது. தான் முறுக்குகிறோம் என்பதை அவரே கவனித்திருக்க வாய்ப்பில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் ஜெராக்ஸ் இயந்திரம் பழுது பார்ப்பவர்களோடு கூடவே அலைந்தார். நிறுவனம் அவர்களுக்குத் தடித்த கையேடுகளைக் கொடுத்திருந்தது: இந்தப் பிழை எண் வந்தால் இதைச் செய், அதற்கும் சரிவராவிட்டால் அதைச் செய். ஆனால் இயந்திரங்கள் கையேட்டின்படி கெட்டுப்போவதில்லை. பழுது பார்ப்பவர்கள் காலைச் சிற்றுண்டியின்போது ஒருவருக்கொருவர் கதை சொன்னார்கள். அந்தக் கட்டிடத்தின் நாலாம் மாடி இயந்திரம் எப்படி ஏமாற்றியது, கடைசியில் காரணம் என்னவாக இருந்தது என்று பேசிக்கொண்டார்கள். மேலதிகாரியின் கண்ணில் அது வெட்டிப் பேச்சு. ஓரின் ஆய்வு நூலாக 1996இல் வெளிவந்தது. இயந்திரங்களை ஓடவைத்தது அந்தப் பேச்சுதான் என்பது அதன் முடிவு.

கிடங்கு கட்டிய காலம்

1990களில் கணினி வலைப்பின்னல் அலுவலகங்களுக்குள் வந்ததும் நம்பிக்கை வேறு திசையில் திரும்பியது. ஒவ்வொருவருக்கும் தெரிந்ததை எழுதிவாங்கி ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால் யார் போனாலும் கவலையில்லை என்று நிறுவனங்கள் கணக்குப் போட்டன. 1989இல் வெளிவந்த லோட்டஸ் நோட்ஸ் போன்ற மென்பொருள்கள் அதற்குத் தோதாக இருந்தன. 1995இல் வார்ட் கன்னிங்ஹாம், யாரும் எழுதித் திருத்தக்கூடிய வலைத்தளமான முதல் விக்கியைத் தொடங்கினார். 1996இல் உலக வங்கியின் தலைவர் ஜேம்ஸ் வுல்ஃபென்சன், கடன் கொடுப்பதோடு அறிவையும் பகிரும் வங்கியாக அது மாற வேண்டும் என்று அறிவித்தார்.

எழுதிச் சேர்ப்பதா, ஆளோடு ஆளைப் பேசவைப்பதா என்ற கேள்வியை 1999இல் மார்ட்டன் ஹேன்சன், நிதின் நோரியா, தாமஸ் டியர்னி ஆகியோர் ஆலோசனை நிறுவனங்களை வைத்து ஆராய்ந்தார்கள். ஒரே மாதிரியான வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிறுவனத்துக்கு எழுத்துக் கிடங்கு பயன்படுகிறது. ஒவ்வொரு சிக்கலும் புதிதாக வரும் நிறுவனத்துக்கு ஆள் தொடர்பே பயன்படுகிறது. இரண்டையும் சரிபாதியாகச் செய்ய நினைப்பவர்கள் இரண்டிலும் தடுமாறுகிறார்கள். ஒன்றை முதன்மையாகவும் மற்றதைத் துணையாகவும் கொள்வதே நல்லது என்றார்கள்.

கிடங்கைக் கட்டலாம், அதை நிரப்புவது யார், ஏன் நிரப்புவார்கள்? இதற்கு இரண்டு நிறுவனங்கள் நேர்மாறான விடைகளை முயன்றன.

ஜெராக்ஸ், ஓரின் ஆய்வுக்குப் பிறகு, பழுது பார்ப்பவர்களின் நுணுக்கங்களைச் சேகரிக்க 'யுரேகா' என்ற அமைப்பை உருவாக்கியது. அது முதலில் பிரான்சில் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் ஒரு குறிப்பை எழுதி அனுப்பினால் அனுபவமுள்ள சக தொழிலாளர்கள் அதைச் சோதிப்பார்கள். தேறினால் எழுதியவர் பெயரோடு எல்லோருக்கும் போகும். குறிப்புக்கு இவ்வளவு என்று பணம் தரலாம் என்ற யோசனை எழுந்தபோது அமைப்பை வடிவமைத்த தொழிலாளர்களே மறுத்தார்கள். பணம் வந்தால் எண்ணிக்கை கூடும், தரம் போய்விடும் என்பது அவர்கள் வாதம். பெயரும் சக தொழிலாளரின் மதிப்பும் போதும் என்றார்கள்.

இன்ஃபோசிஸ் மற்ற வழியைத் தேர்ந்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது அறிவுப் பகிர்வுக்கென ஒரு இணையவாசலை அமைத்து, எழுதுபவர்களுக்கும் மதிப்பிடுபவர்களுக்கும் புள்ளிகள் கொடுத்தது. சேர்ந்த புள்ளிகளைப் பரிசாக மாற்றிக்கொள்ளலாம். ரகு கருட், அருண் குமாரசாமி இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு அதன் பிறகு நடந்ததை விவரிக்கிறது. கட்டுரைகள் குவிந்தன. மதிப்பிடுபவர்களுக்கு மூச்சுமுட்டியது. நண்பர்கள் எழுதியதற்குத் தாராளமாக மதிப்பெண் விழுந்தது. எது நல்லது, எது ஒப்பேற்றியது என்று தேடுபவருக்குத் தெரியவில்லை. நிறுவனம் பிறகு விதிகளைத் திருத்தி, வாசித்தவர்களுக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதற்கும் அளவீட்டில் இடம் கொடுக்க வேண்டியிருந்தது. தவறு கண்டதும் திருத்திக்கொண்டது அந்த நிறுவனத்தின் பெருமை. மற்றவர்களுக்கு இதில் உள்ள பாடம், எழுதப்பட்டதை எண்ணுகிற இடத்தில் எழுத்துதான் பெருகும் என்பது.

சொல்லாதவர் மட்டுமா காரணம்?

அறிவு பரவாததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், தெரிந்தவர்கள் தங்கள் மதிப்பு குறையும் என்று மறைக்கிறார்கள் என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. கேத்தரின் கானலியும் சக ஆய்வாளர்களும் 2012இல் பணியிட மறைப்பை மூன்றாக வகைப்படுத்தினார்கள். அரைகுறையாகச் சொல்லி நழுவுவது ஒன்று. தெரியாததுபோல் நடிப்பது இன்னொன்று. சொல்ல அனுமதியில்லை என்று காரணம் காட்டுவது மூன்றாவது. நம் அலுவலகங்களில் இந்த மூன்றையும் பார்க்காதவர் இருக்க முடியாது.

ஆனால் அதற்கு முன்பே, 1996இல், கேப்ரியல் சுலான்ஸ்கி எட்டு நிறுவனங்களில் 122 நிகழ்வுகளை ஆராய்ந்திருந்தார். ஒரு பிரிவில் நன்றாக நடக்கும் ஒரு முறை அதே நிறுவனத்தின் இன்னொரு பிரிவுக்கு ஏன் போவதில்லை என்பது அவர் கேள்வி. மனமின்மை பெரிய தடையாக இருக்கும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். அவர் கண்ட பெரிய தடைகள் வேறு: வாங்குபவருக்கு அதைப் புரிந்துகொள்ளும் அடித்தளம் இல்லாதது, அந்த முறை ஏன் பலிக்கிறது என்று கொடுப்பவருக்கே தெளிவாகத் தெரியாதது, இரண்டு பிரிவுகளுக்கும் இடையே சுமுகமான உறவு இல்லாதது. மறைப்பவர்களைத் தேடித் தண்டிக்கும் நிர்வாகம் இந்த மூன்றில் எதையும் தொடுவதில்லை.

இன்னொரு தடை கேட்பவர் பக்கம் இருக்கிறது. எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளை எண்ணினார். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அதிகமாக வந்தது. துருவிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அந்தக் குழுக்களில் செவிலியர்கள் தவறை வெளியே சொன்னார்கள். மற்ற பிரிவுகளில் பயந்து மூடினார்கள். 1999இல் அவர் இதை ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களில் விரிவாக ஆராய்ந்தார். தெரியாது என்று சொன்னாலோ, தவறு நடந்துவிட்டது என்றாலோ தன்னைச் சிறுமைப்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை உள்ள குழுவே கற்றுக்கொள்கிறது என்பது அவர் கண்டது. பின்னாளில் கூகுள் தன் குழுக்களை ஆராய்ந்தபோதும் இதுவே முதலிடத்தில் வந்தது. நம் சூழலில் இதன் எடை இன்னும் கூடுதல். 'சார்' என்று அழைக்கப்படுபவரிடம் இரண்டாம் முறை சந்தேகம் கேட்பது மரியாதைக் குறைவாகப் பார்க்கப்படும் இடங்கள் இங்கே ஏராளம்.

கேட்கவும் சொல்லவும் வழியில்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு விமானத் துறையில் கொடுமையான சான்று உண்டு. 1974 டிசம்பர் 1 அன்று டி.டபிள்யூ.ஏ. 514 விமானம் வாஷிங்டனுக்கு அருகே ஒரு மலையில் மோதியது. அதில் இருந்த 92 பேரும் இறந்தனர். தரையிறங்கும் பாதை குறித்த அனுமதியை விமானிகள் ஒரு விதமாகவும் கட்டுப்பாட்டு மையம் வேறு விதமாகவும் புரிந்துகொண்டிருந்தார்கள். ஆறு வாரங்களுக்கு முன்புதான் யுனைடெட் விமானம் ஒன்று அதே குழப்பத்தில் சிக்கி மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. அந்த எச்சரிக்கை பக்கத்து நிறுவனத்துக்குப் போய்ச் சேர வழி எதுவும் இருக்கவில்லை.

1976இல் அமெரிக்கா, விமானிகள் தங்கள் தவறுகளையும் தப்பித்த கதைகளையும் பெயர் வெளியாகாமல் தெரிவிக்க ஒரு அமைப்பைத் தொடங்கியது. அதை நடத்தும் பொறுப்பு, உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் கொண்ட விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் விடப்படாமல் நாசாவிடம் கொடுக்கப்பட்டது. தண்டிக்கும் கையும் கேட்கும் காதும் ஒரே இடத்தில் இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

யாருக்கு என்ன தெரியும்

ஒரு குழுவில் எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. எது யாருக்குத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்தால் போதும். உளவியலாளர் டேனியல் வெக்னர் 1980களில் தம்பதிகளை வைத்துத் தொடங்கிய இந்தச் சிந்தனை பிறகு அலுவலகக் குழுக்களுக்கும் வந்தது. 1995இல் லியாங், மோர்லாண்ட், ஆர்கோட் மூவரும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பூட்டச் சிலரைக் குழுவாகவும் சிலரைத் தனித்தனியாகவும் பழக்கினார்கள். பிறகு எல்லோரையும் குழுவாக வேலை செய்யவிட்டபோது, சேர்ந்து பழகியவர்கள் குறைவான பிழைகளோடு முடித்தார்கள். யார் எதில் கெட்டி என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

இந்தியாவுக்கு நேராகப் பொருந்தும் சான்று விப்ரோவிலிருந்து வருகிறது. ராபர்ட் ஹக்மன், பிராட்லி ஸ்டாட்ஸ் ஆகியோர் அங்கு நடந்த நூற்றுக்கணக்கான மென்பொருள் திட்டங்களை ஆராய்ந்தார்கள். குழுவினர் முன்பு ஒருவரோடு ஒருவர் வேலை செய்த அளவு 50 சதவீதம் கூடியபோது குறைபாடுகள் 19 சதவீதமும், பட்ஜெட்டிலிருந்து விலகல் 30 சதவீதமும் குறைந்தன. ஒவ்வொருவருக்கும் எத்தனை ஆண்டு அனுபவம் என்பதைவிட, சேர்ந்து வேலை செய்த பழக்கம் திட்டத்தின் வெற்றியைப் பல இடங்களில் நன்றாக முன்னறிவித்தது.

நம் நிறுவனங்கள் நடைமுறையில் செய்வது இதற்கு நேரெதிர். ஆட்களை 'ரிசோர்ஸ்' என்று எண்ணி, திட்டம் எதுவும் இல்லாமல் 'பெஞ்சில்' இருப்பவரை எடுத்துக் காலியான நாற்காலியில் வைக்கிறார்கள். ஒரு திட்டம் முடிந்ததும் குழு நான்கு திசையில் சிதறுகிறது. அந்தக் குழு சேர்த்த அறிவின் ஒரு பங்கு யார் தலையிலும் தனியாக இருந்ததில்லை. அவர்களுக்கு இடையே இருந்தது. கலைத்த அன்றே அது போய்விடுகிறது. இந்த இழப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

இருக்கையும் தூரமும்

எம்.ஐ.டி.யின் தாமஸ் ஆலன், ஆய்வுக்கூடப் பொறியாளர்கள் யாரோடு எவ்வளவு பேசுகிறார்கள் என்று அளந்து 1977இல் நூலாக வெளியிட்டார். மேசைகளுக்கு இடையிலான தூரம் கூடக்கூடப் பேச்சு வேகமாகக் குறைந்தது. சில பத்து மீட்டர்களைத் தாண்டினால் அடுத்த கட்டிடத்தில் இருப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதைக் கேள்விப்பட்டவர்கள் சுவர்களை இடித்தார்கள். ஆனால் ஈதன் பெர்ன்ஸ்டீன், ஸ்டீபன் டர்பன் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு வேறு சேதி சொன்னது. இரண்டு பெருநிறுவனங்கள் தடுப்புகளை நீக்கித் திறந்த கூடத்துக்கு மாறியபோது, ஊழியர் அணிந்திருந்த உணர்கருவிகளின்படி நேருக்கு நேர் பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்தது, மெயில் கூடியது. எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மனிதர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறார்கள்.

கொரோனாவோடு தூரம் முழுமையானது. 2020இன் முதல் பாதியில் மைக்ரோசாஃப்டின் 61,182 அமெரிக்க ஊழியர்களின் தொடர்புகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு 2022இல் வெளிவந்தது. வீட்டிலிருந்து வேலை செய்தபோது தத்தம் குழுவுக்குள் பேச்சு இறுகியது. பிற குழுக்களோடு இருந்த இழைகள் அறுந்தன. உடனடிப் பேச்சு குறைந்து, எழுதி அனுப்பிப் பதிலுக்குக் காத்திருப்பது கூடியது.

அலுவலகத்துக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கும் இந்த ஆய்வுகள் முழு ஆதரவு தருவதில்லை. நடாலியா இமானுவல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பாலைஸ் ஆகியோர் ஒரு பெருநிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்தார்கள். குழுவோடு ஒரே கட்டிடத்தில் உட்கார்ந்த இளையவர்களுக்குத் தங்கள் நிரலைப் பற்றி அதிகக் கருத்துகள் கிடைத்தன. அதே நேரத்தில் மூத்தவர்களின் சொந்த உற்பத்தி குறைந்தது. கற்பிப்பதற்கு விலை உண்டு. அந்த விலையை மூத்தவர் தன் நேரத்திலிருந்து கொடுக்கிறார். சம்பள உயர்வுப் பட்டியலில் உற்பத்தியை மட்டும் பார்க்கும் நிறுவனம் அவருக்குச் சொல்லாமல் சொல்வது, பக்கத்து இருக்கைக்காரருக்கு உதவாதே என்பது.

கூட்டுழைப்பின் சுமை

பகிர்வு நல்லது என்பதால் எவ்வளவு கூடினாலும் நல்லது என்று ஆகாது. ஐ.பி.எம்.மில் பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே கணக்கைக் காட்டினார். ஐந்து பேர் குழுவில் இருவர் இருவராகப் பேச 10 வழிகள். பத்துப் பேரானால் 45. இருபது பேரானால் 190. தாமதமாகிவிட்ட திட்டத்தில் புது ஆட்களைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று அவர் சொன்னதன் காரணங்களில் இது ஒன்று.

ராப் கிராஸ், ரெப் ரெபெலி, ஆடம் கிராண்ட் மூவரும் 2016இல் எழுதியதன்படி, கூட்டங்களிலும் மெயிலிலும் தொலைபேசியிலும் மேலாளர்களும் ஊழியர்களும் செலவிடும் நேரம் இருபது ஆண்டுகளில் 50 சதவீதமோ அதற்கு மேலோ உயர்ந்திருந்தது. பயனுள்ள உதவியில் 20 முதல் 35 சதவீதம், 3 முதல் 5 சதவீத ஊழியர்களிடமிருந்து மட்டும் வந்தது. ஒவ்வொரு குழுவிலும் எதற்கெடுத்தாலும் எல்லோரும் தேடிப் போகும் ஒருவர் இருப்பார். பகல் முழுக்க மற்றவர் சந்தேகங்களைத் தீர்த்துவிட்டு, தன் வேலையை இரவில் செய்வார். முதலில் களைத்துப் போய் விலகுபவரும் பெரும்பாலும் அவரே.

கூட்டங்களை நடத்தும் முறை பற்றி அமேசான் 2004இல் எடுத்த முடிவு இங்கே குறிப்பிடத்தக்கது. மூத்த நிர்வாகிகளின் கூட்டங்களில் பவர்பாயிண்டை விலக்கிவிட்டு, சில பக்கங்களில் முழு வாக்கியங்களாக எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். எல்லோரும் முதலில் அமைதியாகப் படித்துவிட்டு பிறகே பேசுவார்கள். எழுதும்போதே சிந்தனையின் ஓட்டைகள் எழுதுபவருக்குத் தெரிந்துவிடுகின்றன. கூட்டம் முடிந்த பிறகு சேருபவருக்கும் படிக்க ஒன்று மிஞ்சுகிறது.

நம் அரசு அலுவலகக் கோப்பு முறையில் இந்தக் கூறு முன்பே உண்டு. கடிதப் போக்குவரத்து ஒரு பகுதியாகவும், ஒவ்வொருவரும் காரணம் எழுதிக் கையொப்பமிடும் குறிப்புகள் இன்னொரு பகுதியாகவும் இருக்கும். இருபது ஆண்டு கழித்து வரும் அதிகாரிக்கும் அந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று தெரியும். தாமதத்துக்காக நாம் திட்டும் அந்த முறையில் உள்ள இந்த ஒழுங்கு, வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் படம் போட்டு முடிவெடுக்கும் இன்றைய நிறுவனங்களில் இல்லை.

பொறுப்பு கைமாறும் நேரம்

அறிவு சிந்துவது பெரும்பாலும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போது. மருத்துவமனையில் இது தினமும் ஷிப்ட் மாறும் நேரத்தில் நடக்கிறது. அமெரிக்க, கனடிய மருத்துவமனைகள் ஒன்பதில் பயிற்சி மருத்துவர்கள் நோயாளியை ஒப்படைக்கும் முறையை ஒழுங்குபடுத்திப் பார்த்தார்கள். 2014இல் வெளிவந்த முடிவின்படி மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. அந்த முறையின் கடைசிப் படி முக்கியமானது: பொறுப்பேற்பவர் கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லி, சந்தேகம் கேட்க வேண்டும். ஒப்படைப்பவர் பேசி முடித்ததோடு ஒப்படைப்பு முடிவதில்லை. நம் கே.டி. கூட்டங்களில் விடுபடுவது இந்தப் படிதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. புது டெல்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5இலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009இல் அறிவித்தார்கள். அறையில் இருப்பவர்கள் தங்கள் பெயரையும் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்வதும் அந்தப் பட்டியலில் ஒரு படி. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் அதே பட்டியலைக் கட்டாயமாக்கி 101 மருத்துவமனைகளில் ஆராய்ந்தபோது குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை என்று 2014இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. தாளில் டிக் போடுவதும் ஒருவரோடு ஒருவர் பேசுவதும் ஒன்றாகிவிடாது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை அறிவைக் கைமாற்றுவதை நிறுவன எல்லைக்கு வெளியே கொண்டுபோனது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த மருத்துவமனை, 1992இல் லயன்ஸ் சங்கத்தின் துணையோடு லைகோ என்ற பயிற்சி நிறுவனத்தை அமைத்தது. தன் வேலைமுறையைப் பிற கண் மருத்துவமனைகளுக்குச் சொல்லித் தருவதே அதன் பணி. இந்தியாவிலும் வெளிநாடுகளிலுமாக 300க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் அதனால் பயன்பெற்றிருக்கின்றன. ஒரு மருத்துவரை மட்டும் அழைத்துச் சொற்பொழிவு கேட்கவைத்து அனுப்புவதில்லை. மருத்துவர், செவிலியர், நிர்வாகி என ஒரு குழுவாக மதுரைக்கு வந்து, வேலை நடப்பதைப் பார்த்து, தங்கள் ஊருக்கான திட்டத்தைத் தீட்டுகிறார்கள். அரவிந்த் ஆட்கள் பிறகு அந்த ஊருக்குப் போய்ப் பார்க்கிறார்கள். சுலான்ஸ்கி பட்டியலிட்ட மூன்று தடைகளுக்கும் இதில் மருந்து இருக்கிறது.

இயந்திரம் விடை சொல்லும்போது

அறிவு எப்படிப் பரவுகிறது என்ற கேள்வியைச் செயற்கை நுண்ணறிவு புதிதாக்கியிருக்கிறது. எரிக் பிரின்யோல்ப்சன், டேனியல் லீ, லிண்ட்சே ரேமண்ட் மூவரும் வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்கள் 5,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பேச்சின்போது பரிந்துரை தரும் கருவி அவர்கள் உற்பத்தியைச் சராசரியாக 14 சதவீதம் உயர்த்தியது. புதியவர்களுக்கு 34 சதவீதம். நெடுநாள் அனுபவசாலிகளுக்குப் பெரிய பலன் இல்லை. அவர்களுடைய பழைய உரையாடல்களிலிருந்து கருவி கற்றதைத்தான் புதியவர்களுக்குக் கொடுத்தது. கே.டி. காணொளிகளால் முடியாததை அது ஓரளவு செய்துகாட்டியது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. தன் திறமை கருவிக்குள் போய் எல்லோருக்கும் பயன்படும்போது, அந்த அனுபவசாலிக்கு என்ன கிடைக்கிறது? அடுத்தது, கருவி தின்பதற்குப் புதிய அறிவு எங்கிருந்து வரும்? நிரலாளர்கள் 2008 முதல் ஒருவருக்கொருவர் பதில் எழுதிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில், சாட்ஜிபிடி வந்த ஆறு மாதங்களில் செயல்பாடு சுமார் 25 சதவீதம் குறைந்ததாக 2024இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தனியாக இயந்திரத்திடம் கேட்டுப் பெறும் விடை, பக்கத்தில் இருப்பவர் காதில் விழுவதில்லை. அலுவலகத்துக்குள்ளும் இதுவே நடந்தால், கேள்விகள் மறையும்; யாருக்கு என்ன தெரியும் என்ற வரைபடமும் அதோடு மறையும்.

செய்யத்தக்கவை

இத்தனை ஆய்வுகளும் ஒரு முடிவை நோக்கியே இழுக்கின்றன. அறிவு பரவுவதற்குக் கிடங்கு அவசியம். ஆனால் தட்டுப்பாடு அங்கே இல்லை. கேட்பவருக்குக் கேட்கும் துணிச்சலும், சொல்பவருக்குச் சொல்ல நேரமும் குறைவாக இருப்பதே தட்டுப்பாடு. இரண்டையும் தர வேண்டியது நிர்வாகம். அதற்கு மென்பொருள் உரிமத்தைவிட அதிகம் செலவாகும். அதனால்தான் மென்பொருள் வாங்குவதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள்.

நடைமுறையில் ஐந்து காரியங்கள் உடனே தொடங்கலாம். முதலாவது, கே.டி.யை ராஜினாமாவோடு கட்டிப்போடாமல், ஒவ்வொரு முக்கிய வேலையையும் ஆண்டில் சில வாரங்களாவது இன்னொருவர் கூடவே இருந்து செய்யும்படி சுழற்றுவது. இரண்டாவது, நன்றாகப் பழகிய குழுவைத் திட்டம் முடிந்ததும் கலைக்காமல், முடிந்தவரை அப்படியே அடுத்த வேலைக்கு நகர்த்துவது. மூன்றாவது, சொல்லிக்கொடுப்பதை மதிப்பீட்டில் வேலையாகக் கணக்கிடுவது. எத்தனை பக்கம் எழுதினார் என்று எண்ணாமல், அவரிடம் கற்றவர் இன்று தனியாக எதைச் செய்கிறார் என்று பார்ப்பது. நான்காவது, ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு பொறுப்பாளரும் மறுபார்வைத் தேதியும் வைப்பது. முடிவோடு அதன் காரணத்தையும் எழுதுவது. ஐந்தாவது, தவறு நடந்த பிறகு நடக்கும் கூட்டத்தில் யார் என்ற கேள்வியைத் தள்ளிவைத்து, எப்படி என்பதை முதலில் கேட்பது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு குழுத் தலைவர்கள் செய்யக்கூடிய, செலவில்லாத காரியம் ஒன்று உண்டு. உங்கள் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவரைத் தனியாக அழைத்து, போன மாதம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி எது என்று விசாரியுங்கள். அவர் சொன்னால், விடை தெரியாத பட்சத்தில் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்தவரிடம் இருவருமாகப் போங்கள். அப்படி எதுவும் இல்லை என்று அவர் சொன்னால், உங்கள் குழுவில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.